பாஸானவனுக்கு என்ன அவசரம்

அடைக்கலம் இறந்துபோன செய்தி எனக்குத்தான் கடைசியாக வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் இருப்பது புதுக்கோட்டை டவுனுக்குள். அவன் குமாஸ்தாவாக இருந்த வக்கீல் வீடு எனக்கு அடுத்த தெரு. அவனுடைய ஊர்ப் பக்கமான கந்தர்வக்கோட்டையிலிருந்து வரும் பஸ் தினமும் நான் வேலை பார்க்கும் சர்க்கார் கச்சேரி வாசலைத் தாண்டித்தான் போகிறது. அப்படியிருந்தும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் எங்கோ குன்றாண்டார்கோவிலில் மாட்டையும் காட்டையும் பார்த்துக்கொண்டிருக்கும் சுப்பையாவுக்கு மறுநாள் விடிவதற்குள் ஆள் போயிருக்கிறது. கறம்பக்குடிக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறது. பேராவூரணி தாண்டிக்கூடப் போயிருக்கிறது.

எனக்குச் சொன்னது பஸ் கண்டக்டர். கச்சேரிக்குப் போகும் வழியில் அவரைப் பார்த்து, "அடைக்கலம் ஊருக்குப் போனவன் இன்னும் திரும்பலையா, வக்கீல் தேடிக்கிட்டு இருப்பாரே" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஒங்களுக்குத் தெரியாதா சார்? பாலு தெளிச்சு முடிஞ்சுபோச்சுங்களே" என்றார். நடுரோட்டில் நின்றேன். துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். அவனோடு எனக்கு இருந்த பழக்கத்தில் எப்போதுமே இந்த வரிசைதான்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேராவது அடைக்கலத்திடம் மார்க் வாங்கி வயிறெரிந்தவர்களாக இருப்பீர்கள். உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. அவனைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நாங்கள் பள்ளிப் படிப்பை முடித்து வெளியே வந்த காலத்தில், எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் இரண்டே வழிகள்தான் இருந்தன. ஒன்று, ரங்கூனுக்கோ பினாங்குக்கோ கப்பலேறி யாராவது மாமனுடைய கடையில் உட்காருவது. மற்றது, சர்க்கார் உத்தியோகப் பரீட்சை எழுதிக் குமாஸ்தா நாற்காலியில் உட்காருவது. மழையை நம்பிய நிலத்தில் மூன்றாவது வழியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆகவே ஏழெட்டுப் பேர் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் கந்தர்வக்கோட்டைப் பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் கூடி, நாங்களே மாதிரிப் பரீட்சை வைத்து எழுத ஆரம்பித்தோம். கேள்விகளை அடைக்கலம் தயார் செய்வான். எங்களோடு உட்கார்ந்து அவனும் எழுதுவான். எழுதி முடித்ததும் எல்லாத் தாள்களையும் வாரிக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்து திருத்துவான். அவனுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எங்களைவிட ஒரு வயதுகூட அவன் மூத்தவன் இல்லை. அவனும் எங்களைப் போலத் தேறாதவன்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை எழுதி முடித்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடுதான் என்பதால், என் தாயார் எல்லாருக்கும் சேர்த்து உலை வைத்திருந்தார். நாங்கள் போய் உட்கார்ந்தோம். அடைக்கலம் வரவில்லை. கூப்பிடப் போன என் தாயாரிடம், "திருத்திட்டு வாரேன் ஆத்தா, இப்ப சாப்பிட்டா மார்க்கு கெட்டுப்போகும்" என்றானாம். சோறு கெட்டுப்போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம், மார்க் கெட்டுப்போவதை அன்றுதான் கேட்டோம். சாப்பிட்டுவிட்டுப் போய், இதென்னடா கூத்து என்று கேட்டேன்.

"மெட்ராசுல ஒக்காந்து திருத்துறவரு நம்ம தாளக் கையில எடுக்கிறப்ப அவருக்குப் பசிக்கும் மாப்ளே. முன்னாடி ஒரு கட்டு, பின்னாடி ஒரு கட்டு. அவருக்கு ஒன் ஆத்தாவத் தெரியாது, நீ நல்லவன்னு தெரியாது. பசியோட இருக்கிறவன் போடுற மார்க்குத்தான் மார்க்கு" என்றான்.

அவன் பேசுகிறபோது நியாயமாகத்தான் இருந்தது. தாள் கைக்கு வந்தபோதுதான் எரிந்தது. கிராம சுகாதாரம் என்ற தலைப்பில் இங்கிலீஷில் மூன்று பக்கம் எழுதியிருந்தேன். அகராதி பார்த்துப் பொறுக்கிய வார்த்தைகளையெல்லாம் அதில் இறக்கியிருந்தேன். நூற்றுக்கு முப்பத்தொன்று போட்டிருந்தான். தப்பு எங்கே என்று பார்த்தால் ஓர் இடத்திலும் கோடு இல்லை. கடைசியில் மட்டும் சின்ன எழுத்தில், 'படித்தேன். மறந்துவிட்டேன்' என்று எழுதியிருந்தான். தப்பு என்று கோடு போட்டிருந்தால்கூடச் சண்டை பிடித்திருக்கலாம். மறந்துவிட்டேன் என்கிறவனோடு என்ன சண்டை பிடிப்பது? அந்த வாரம் முழுவதும் எனக்கு அவனைக் கண்டாலே ஆகவில்லை. அடுத்த ஞாயிறு எழுதிய கட்டுரையில் எங்கள் ஊர் ஊருணியில் மாடு இறங்குவதையும் அதே படியில் பெண்கள் குடம் முக்குவதையும் எழுதிவைத்தேன். முப்பத்தெட்டு போட்டான். முப்பத்தெட்டுக்காக நான் அன்று அடைந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அவனைச் சரிக்கட்ட நாங்கள் செய்யாத முயற்சி இல்லை. கறம்பக்குடி முத்தையா ஒரு தடவை முழுப் பலாப்பழம் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். பரீட்சை எழுதி முடித்த கையோடு அதைப் பிளந்து, சுளைகளை அடைக்கலத்தின் மூக்குக்கு முன்னாலேயே வைத்தான். அதற்கு மேல் அவனாலும் தாங்க முடியவில்லை. தின்றான், நன்றாகவே தின்றான். தின்று முடித்துக் கையில் ஒட்டிய பாலை எண்ணெய் தடவித் துடைத்துக்கொண்டு, தாள்களைக் கட்டிச் சைக்கிளில் வைத்தான். இன்றைக்குத் திருத்த முடியாது, வயிறு நிறைந்திருக்கிறது, இனி ஒருநாள் பட்டினி கிடந்துதான் திருத்தவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மார்க்குக்காக ஒரு வாரம் காத்திருந்தோம். வந்தபோது முத்தையாவுக்குத்தான் இருப்பதிலேயே குறைவு. பலாப்பழத்தை நினைத்துவிடக் கூடாது என்று அவன் தாளை மட்டும் இன்னொரு தடவை படித்தானாம்.

அவனுடைய தாளைத் திருத்தும் வேலை எங்களுக்கு. நாங்கள் மனிதர்களைப் போலச் சாப்பிட்டுவிட்டுத் திருத்தினோம். எழுபது, எழுபத்தைந்து என்று போட்டோம். அவன் எழுத்துக்கு அது தகும் என்றுதான் போட்டோம். அவன் அதை வாங்கிப் பார்த்து, எங்கள் கண்ணெதிரிலேயே அடித்து, பாதியாக்கி எழுதிக்கொள்வான். "நீங்க போட்டதுல பாதி சோறு போட்டது" என்பான். இப்படி ஒரு ஆளோடு எப்படி ஐயா பழகுவது?

மார்க்கில் அவன் படுத்திய பாடு இவ்வளவு என்றால், ரிசல்ட்டில் படுத்தியது அதைவிடப் பெரிது.

முதல் வருஷம் ரிசல்ட் வந்த அன்று நாங்கள் எல்லாரும் டவுனுக்குப் போயிருந்தோம். காலை ரயிலில் வரும் பத்திரிகையில் தேறியவர்களின் நம்பர் இருக்கும். வாசகசாலையில் அதை மேஜைமேல் விரித்துப் போடுவார்கள். எங்களில் ஒருவன் தேறியிருந்தான். அவன் பெயர் வேண்டாம், நல்ல பையன், பிறகு வடக்கே எங்கோ மாற்றலாகிப் போய்விட்டான். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எதிர்க் கடையில் கற்கண்டு வாங்கிவந்து எல்லார் வாயிலும் போட்டான். சுப்பையாவின் வாயிலும் போட்டான். சுப்பையா அப்போதுதான் தன் நம்பரைத் தேடித் தேடி, இல்லை என்று நிமிர்ந்திருந்தான். வாயில் கற்கண்டை வைத்துக்கொண்டு அவன் நின்ற நிலை எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கடிக்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல், சிரிக்கவேண்டும் என்று தெரிந்து சிரித்துக்கொண்டு நின்றான். தேறாதவர்களில் நானும் ஒருவன்தான். ஆனால் எனக்கு என் துக்கமே பெரிதாக இருந்தது. அடைக்கலத்துக்கும் நம்பர் வரவில்லை. அவன் சுப்பையாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு சட்டம் போட்டுவிட்டான். இனி ரிசல்ட் பார்க்க யாரும் டவுனுக்கு வரக்கூடாது. வக்கீல் வீட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்ததால் அவன் அங்கேயே இருக்கிறான், அவன் ஒருவன் பார்ப்பான். எல்லாரும் நம்பரை அவனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கவேண்டியது. பத்திரிகையைப் பார்த்ததும் சைக்கிளைப் பஸ் மேலே ஏற்றிக்கொண்டு புறப்படுவான். முதலில் தேறாதவர்களின் வீடுகள். போய் உட்கார்ந்து, இரண்டு இலை போடச் சொல்லி, தேறாதவனோடு சேர்ந்து சாப்பிட்டு, கை கழுவிய பிறகுதான் வாயைத் திறப்பான். தேறாதவர்கள் எல்லாரையும் பார்த்து முடித்த பிறகே தேறியவர்களின் வீட்டுப் பக்கம் சைக்கிள் திரும்பும். அங்கே சாப்பாடு கிடையாது. வாசலில் நின்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். "மார்க்கு பசியில போடணும். ரிசல்ட்டு சோறு தின்னுட்டுக் கேக்கணும்" என்பது அவன் வேதம். யார் வீட்டில் யார் கை நனைக்கலாம் என்று ஊரே கணக்குப் பார்த்த நாட்கள் அவை. அதைப் பற்றி யாராவது முணுமுணுத்தால், பசிக்கிறது என்று சொல்லிவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவான்.

இதில் உள்ள கிறுக்குத்தனத்தை நான் அவனுக்கு எத்தனையோ தடவை எடுத்துச் சொன்னேன். உன் சைக்கிளைப் பார்த்த உடனேயே தேறவில்லை என்று தெரிந்துவிடுகிறதே, அதன் பிறகு தொண்டையில் சோறு எப்படி இறங்கும் என்று கேட்டேன். "தெரியிறது வேற, கேக்கிறது வேற மாப்ளே. ஒரு கை சோறு எறங்கட்டும்" என்றான். சரி, தேறியவன் என்ன பாவம் செய்தான், அவனை எதற்காகச் சாயங்காலம் வரை அடுப்பில் வைக்கிறாய் என்று கேட்டேன். "பாஸானவனுக்கு என்ன அவசரம்? அவன் இன்னம் முப்பது வருஷம் பாஸானவனாத்தான் இருக்கப் போறான்" என்றான்.

முத்தையாவின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு வருஷம் ரிசல்ட் அன்று, உச்சிப் பொழுதுக்கு முன்பே அடைக்கலத்தின் சைக்கிள் முத்தையா வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டது. அவன் போகவேண்டியிருந்தது அதைத் தாண்டி இன்னொரு பையனின் வீட்டுக்கு. முள் ஏறி டயர் பஞ்சராகி, சரியாக முத்தையாவின் வாசலுக்கு எதிரில் காற்று இறங்கிவிட்டது. சைக்கிளைக் கண்ட மாத்திரத்தில் முத்தையாவின் ஆத்தா உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அப்பா மட்டும் பெரிய மனிதராக இலை போடச் சொன்னார். அடைக்கலம் என்ன செய்தான் தெரியுமா? முத்தையா தேறியிருந்தான். அதைச் சொல்லிவிட்டுப் பஞ்சர் ஒட்டிக்கொண்டு போயிருக்கவேண்டும். ஆனால் தேறாத பையன் இன்னும் பாக்கி இருந்தான். சட்டம் சட்டமல்லவா? அதனால் ஒன்றும் சொல்லாமல், போட்ட இலையை வேண்டாம் என்று சொன்னால் மரியாதை இல்லை என்று உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "சாயங்காலம் வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

முத்தையாவின் அப்பா அதற்குள் ரங்கூன் மாமனுக்குத் தந்தி கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டார். முத்தையாவும் சரி என்று தலையாட்டிவிட்டான். சாயங்காலம் அடைக்கலம் திரும்ப வந்து, "நீ பாஸ்" என்றபோது முத்தையா செருப்பைக் கழற்றிக்கொண்டு அவனைத் தெருக்கோடிவரை துரத்தினான். துரத்தியவன் மூச்சு வாங்கி நின்றதும், இருவரும் சேர்ந்து குளத்தங்கரையில் உட்கார்ந்து சிரித்தார்களாம். எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை. ஒரு பஞ்சரால் ஒரு மனிதன் கப்பலேறியிருப்பான்.

இப்போது என் கதை.

அந்த வருஷம் எனக்கு வயது வரம்பு முடிகிற வருஷம். அடைக்கலத்துக்கும் அதே. தேறினால் தேறியது, இல்லாவிட்டால் இனிமேல் விண்ணப்பமே போட முடியாது. ரிசல்ட் அன்று காலையிலிருந்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். பஸ் வந்தது, சைக்கிள் இறங்கவில்லை. மத்தியானம் ஆயிற்று, வரவில்லை. வராவிட்டால் நல்லது என்பதுதானே சட்டம்? நேரம் ஆக ஆக நெஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாகத் தைரியம் வந்தது. சாப்பிடவும் பிடிக்கவில்லை, படுக்கவும் பிடிக்கவில்லை. என் தாயார் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சைக்கிள் வந்தது. எழுந்து நின்றேன். வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லுவான் என்று பார்த்தால், என்னைப் பார்க்காமல் உள்ளே போனான். "ஆத்தா, எலை போடுங்க. ரெண்டு பேருக்கும்" என்றான்.

அப்படியானால் தேறவில்லை. தாயார் இரண்டு இலை போட்டு, சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் வைத்தார். பாதிக் குழம்பு இலைக்கு வெளியே கொட்டியது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். எதிரில் அவன் சாப்பிட்டான், காலையிலிருந்து சாப்பிடாதவன் சாப்பிடுகிற மாதிரி. இரண்டு தடவை சோறு போடச் சொன்னான். எனக்கு அவன் கழுத்தை நெரிக்கவேண்டும் போல இருந்தது. ஆளின் தலையெழுத்து முடிந்துபோயிருக்கிறது, இவனுக்குக் குழம்பு கேட்கிறதே என்று நினைத்தேன். கடைசியில் எழுந்து கை கழுவினான். நானும் கழுவினேன்.

"நீ பாஸ் மாப்ளே" என்றான்.

எனக்குப் புரியவில்லை. "அப்புறம் எதுக்குடா எலை போடச் சொன்னே?" என்று கத்தினேன்.

"எனக்கு" என்றான். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே, "காலையிலேருந்து எங்கயும் சாப்பிடல. தனியா ஒக்காந்து சாப்பிடப் பிடிக்கல, அதான் இங்கிட்டு வந்தேன்" என்றான்.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அன்று சுப்பையா வீட்டில் அவன் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சோற்றைத் தொடவே இல்லை, வயிறு சரியில்லை என்று சொல்லி சுப்பையாவைச் சாப்பிட வைத்திருக்கிறான். மற்ற வீடுகளிலும் அப்படியே. காலையிலேயே பத்திரிகையில் தன் நம்பர் இல்லை என்று பார்த்துவிட்டு, அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வீடு வீடாகப் போய் மற்றவர்களைச் சாப்பிட வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

அன்று இரவு பஸ்ஸுக்கு அவனைக் கொண்டுபோய் விடும்போது கேட்டேன். உன் சட்டப்படி பார்த்தால் உனக்குத்தானே முதலில் யாராவது வந்து சொல்லியிருக்கவேண்டும், நேரே என்னிடம் வந்திருந்தால் நான் காலையிலேயே உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேனே என்றேன். "அங்கிட்டு சுப்பையா இருந்தான்ல. எனக்குத்தான் காலையிலயே தெரிஞ்சுபோச்சே, தெரிஞ்சவனுக்கு என்ன அவசரம்" என்றான். எனக்கு அழுகையும் வந்தது, அவனைப் பிடித்து ஓர் அறை விடவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் சைக்கிளைத் தூக்கிப் பஸ் மேலே கொடுத்தேன்.

அதோடு அவன் விட்டிருக்கலாம். அவனுக்குத்தான் இனிப் பரீட்சை கிடையாதே. விடவில்லை. எங்களுக்குப் பிறகு எங்கள் தம்பிமார்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பிறகு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்தார்கள். ஞாயிறு தவறாமல் பட்டினி கிடந்து திருத்தினான். ஜப்பான்காரன் சண்டை வந்து ரங்கூனிலிருந்து கால்நடையாகத் திரும்பி வந்தவர்களின் பிள்ளைகளும் எழுதினார்கள், அவர்களுக்கும் முப்பத்தொன்றுதான் போட்டான். நான் உத்தியோகத்தில் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தேன். அவன் வக்கீல் வீட்டில் அதே முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அதில் அவனுக்குக் குறை இருந்ததா என்று கேட்டுப் பார்த்தேன். மார்க் போடுவதற்கு இங்கே மத்தியானம் யாரும் தொந்தரவு செய்வதில்லை என்று பதில் சொன்னான்.

இரண்டு வருஷத்துக்கு முன் வயிற்றில் புண் என்று டாக்டர் சொன்னார். வேளாவேளைக்குச் சாப்பிடவேண்டும், வெறும் வயிறு கூடவே கூடாது என்றார். கூடப் போனவன் நான். என் காதாலேயே கேட்டேன். அதற்கு அடுத்த ஞாயிறு கந்தர்வக்கோட்டைக்குப் போய்ப் பார்க்கிறேன், தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, வயிற்றை ஒரு கையால் அமுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் தாள்களைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். ஒரு டம்ளர் பாலாவது குடித்துவிட்டுத் திருத்தினால் என்னடா, யார் உன்னைக் கேட்கப் போகிறார்கள் என்று கத்தினேன். அவன் சிதறிய தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டி அடுக்கினான். "பால் குடிச்சா ஆளுக்கு அஞ்சு மார்க்கு கூடிரும் மாப்ளே. அத நம்பி மெட்ராசு போயி நிப்பான்" என்றான். இப்படிப்பட்டவனை என்ன செய்வது? நான் கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு சமாதானமாகி, மறுபடி கோபித்து, மறுபடி சமாதானமாகி, இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. அந்தப் புண்தான் அவனைக் கொண்டுபோயிற்று.

கண்டக்டர் சொன்ன அன்றே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊரில் இருந்த அவன் வீட்டுக்குப் போனேன். முந்திரிக்காட்டை ஒட்டிய வீடு. பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. உறவுக்காரர்கள் கொண்டுவந்து வைத்த சோற்றுப் பாத்திரங்கள் ஓரமாக இருந்தன. அவன் மனைவி மீனாட்சி என்னைப் பார்த்ததும் அழுதது. நானும் அழுதேன். அழுது முடித்த பிறகும் என் வாய் சும்மா இருக்கவில்லை. வக்கீல் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிற எனக்கு ஏன் தங்கச்சி சொல்லிவிடவில்லை, அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஆக்கிவிட்டீர்களே என்று கேட்டுவிட்டேன்.

மீனாட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டது. "அவுக சொல்லிட்டுத்தான் போனாகண்ணே. பாஸாகாதவுகளுக்கு முதல்ல ஆள் அனுப்பு, அவுக தாங்க மாட்டாக, பாஸானவுகளுக்கு அப்பறம் சொல்லிக்கிரலாம்னாக. நான் எப்படி மாத்திச் செய்யுறது?"

செத்த பிறகும் என்னைக் காக்கவைத்திருக்கிறான். சுப்பையாவுக்கு விடியற்காலையில், எனக்குப் பால் தெளித்த பிறகு. அதற்குள் மீனாட்சி ஓர் இலையைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் போட்டது. எனக்குச் சட்டம் தெரியும். பாஸானவனுக்குச் சோறு கிடையாதே தங்கச்சி என்றேன். கேலியாகத்தான் சொல்ல நினைத்தேன்.

"இதுல பாஸானது யாருண்ணே?" என்று கேட்டுவிட்டுச் சோற்றைப் போட்டது.

சாப்பிட்டேன். ஒரு கை இறங்கிய பிறகுதான் அவன் போய்விட்டான் என்பது எனக்கு உறைத்தது. அவன் சொன்ன எத்தனையோ கிறுக்குத்தனங்களில் இது ஒன்று மெய்யாகிப்போயிற்று என்பதிலும் எனக்கு அவன்மேல் எரிச்சல்தான்.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று யாராவது கேட்டால், அவனுடைய மார்க்கை அல்ல. பட்டினி கிடந்து திருத்த நான் தயாராக இல்லை. இனித் திருத்தப்போகிற யாரையும் நான் இருக்கும்வரை வெறும் வயிற்றோடு உட்கார விடமாட்டேன். ஆளுக்கு ஐந்து மார்க் கூடினால் கூடட்டும். ஆனால் காரியம் முடிந்த சில நாட்களில் இந்த வருஷத்து ரிசல்ட் வந்தது. அவன் கடைசியாகத் திருத்திய பிள்ளைகளின் நம்பர்களை வாங்கிக்கொண்டு வாசகசாலைக்குப் போனேன். பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். எனக்குச் சைக்கிள் விட வராது, பஸ்ஸிலும் கட்டை வண்டியிலும் நடந்தும் போனேன். தேறாத வீடுகளில் இலை போடச் சொல்லி உட்கார்ந்தேன். ஒரு வீட்டில் பையன் சாப்பிட மாட்டேன் என்று எழுந்து போய்விட்டான். அவன் திரும்பி வரும்வரை இலைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். வந்து சாப்பிட்டான்.

கடைசி வீடு குன்றாண்டார்கோவிலில். சுப்பையாவின் கடைசித் தம்பி தேறியிருந்தான். நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. காலையிலிருந்து வாசலிலேயே நின்றிருக்கிறான். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்து, அடுத்த நிமிஷமே சிவந்தது. "டவுன்ல காலையிலயே பேப்பர் வந்திருக்குமேண்ணே, இம்புட்டு நேரமா ஒங்களுக்கு?" என்று என்மேல் எரிந்து விழுந்தான். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"பாஸானவனுக்கு என்னப்பா அவசரம்" என்றேன்.

சுப்பையா உள்ளேயிருந்து வந்தான். உள்ளங்கையில் கற்கண்டு வைத்திருந்தான். தம்பி வாயில் போடவில்லை, எனக்கும் கொடுக்கவில்லை. கையை மூடிக்கொண்டு, "எல்லா வீட்டுக்கும் போயிட்டுத்தானே வாரே?" என்று கேட்டான்.

போய்விட்டுத்தான் வருகிறேன் என்றேன். அதற்குப் பிறகுதான் கையைத் திறந்தான். தம்பிக்கு ஒன்று கொடுத்தான், எனக்கு ஒன்று கொடுத்தான், தன் வாயிலும் ஒன்று போட்டுக்கொண்டு நன்றாகக் கடித்து மென்றான். அன்று எத்தனையோ வீட்டில் சாப்பிட்டு என் வயிற்றில் இடமே இல்லை. இருந்தாலும் நானும் மென்றேன்.